ஊசி பயம்: தசையை இறுக்கும் பயிற்சி செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊசி என்றால் பயம். சும்மா பயம் இல்லை, மயங்கி விழுகிற அளவுக்கு. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் கையில் தடவும்போதே உள்ளங்கை வியர்த்து, காது அடைத்து, கண் இருட்டிக்கொண்டு வரும். அடுத்த மாதம் ஒரு சின்ன அறுவை சிகிச்சை. அதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும், இனி தள்ளிப்போட வழியில்லை.

படித்துப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. பொதுவாகப் பயந்தால் ரத்த அழுத்தம் ஏறும். ஊசி, ரத்தம் என்றால் பலருக்கு முதலில் ஏறிவிட்டுச் சட்டென்று இறங்கிவிடுகிறது, மயக்கம் அதனால்தான். ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980களில் இதற்கென்றே ஒரு பயிற்சியை உருவாக்கினார். கை, கால், வயிற்றுத் தசைகளை முகம் சூடேறும்வரை 10-15 விநாடி இறுக்கி, 20-30 விநாடி விட்டு, மறுபடி இறுக்க வேண்டும். உடம்பைத் தளர்த்தச் சொல்கிற வழக்கமான அறிவுரைக்கு நேர்மாறு!

வீட்டில் செய்தால் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் ஊசி ஏறும் கையைத் தளர்வாக வைக்க வேண்டுமே, மற்ற கையும் காலும் போதுமா? நாற்காலியில் உட்கார்ந்ததுமே ஆரம்பிப்பதா, தலை சுற்றத் தொடங்கிய பிறகா? அப்புறம், படுத்துக்கொண்டே ரத்தம் எடுக்கச் சொல்லிக் கேட்டவர்கள் உண்டா? எனக்குக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

"ஒரு நிமிஷம்தானே, கண்ணை மூடிக்கோ" என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சின்ன வயசிலிருந்து கேட்டுச் சலித்தாயிற்று.