1.1 டிகிரி திருப்பினால் காந்தம்: ஸ்பினா, ஆர்பிட்டலா?
(ஸ்பின்: எலெக்ட்ரானுக்குள்ளேயே இயல்பாக இருக்கும் காந்தத் தன்மை. ஆர்பிட்டல்: எலெக்ட்ரான் சுற்றி ஓடுவதால் உண்டாகும் காந்தத் தன்மை.)

குன்னூர் வாத்தியார்:
ஞாயிற்றுக்கிழமை குன்னூர் கூட்டத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "ஓர் அணு தடிமனுள்ள இரண்டு கிராஃபீன் கார்பன் தாளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 1.1 டிகிரி திருப்பினால் எலெக்ட்ரான் ஸ்பின் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிக் காந்தமாகிவிடும்" என்று முழங்கினார். கைதட்டல் வேறு! அந்தக் காந்தத்துக்கு முக்கியக் காரணம் ஸ்பின் இல்லை, ஆர்பிட்டல். அதுவும் சும்மா திருப்பினால் வராது. போரான் நைட்ரைடு படிகத்தைக் கோணம் பார்த்து ஒட்டி, சில கெல்வின் அளவுக்குக் குளிர வைக்க வேண்டும்.

கோத்தகிரிக்காரன்:
மைக்கைப் பிடித்தது நான்தான் சார், நேராகவே திட்டலாம். இரும்பில் ஸ்பின், நிக்கலில் ஸ்பின், கிராஃபீனுக்கு மட்டும் தனிச் சட்டமா?

குன்னூர் வாத்தியார்:
தனிச் சட்டம்தான். கார்பன் லேசான அணு, ஸ்பினை ஒரு திசையில் பிடித்து வைக்கும் ஸ்பின்-ஆர்பிட் பிணைப்பு அதில் மிகமிகக் குறைவு. 2021ல் மிகச் சிறிய காந்தப்புலத்தையும் அளக்கும் நுண்ணிய ஸ்க்விட் உணரியை மேலே நகர்த்தி அளந்தார்கள், ஓர் எலெக்ட்ரானுக்குப் பல போர் மேக்னட்டான் (எலெக்ட்ரானின் காந்தத்தை அளக்கும் அலகு) வந்தது. ஸ்பின் தருவது ஒன்றே ஒன்று. மீதி எங்கிருந்து வந்தது, கோத்தகிரி சந்தையிலிருந்தா?

மஞ்சூர் அக்கா:
தம்பி, சார், ஸ்பின் என்றால் என்ன, ஆர்பிட்டல் என்றால் என்ன என்று முதலில் ஒரு வரி சொல்லுங்களேன்.

கோத்தகிரிக்காரன்:
அந்த ஒன்று ஸ்பின்தானே? அப்போ ஸ்பின் இருக்கிறதா இல்லையா? ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை! சரி, அதே 2021ல் மூன்றடுக்கு கிராஃபீனில் நடுத்தாளை மட்டும் திருப்பினார்கள், 10 டெஸ்லா காந்தப்புலத்திலும் மீக்கடத்தல் (எலெக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து தடையில்லாமல் ஓடுவது) சாகவில்லை. அது, சாதாரண ஜோடி தாங்கும் காந்தப்புல எல்லையான பாலி வரம்பைப் போல இரண்டு மூன்று மடங்கு. எதிரெதிர் ஸ்பின் ஜோடியாக இருந்தால் எப்போதோ பிய்ந்திருக்கும்.

குன்னூர் வாத்தியார்:
பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்கிறீர்கள். அது மீக்கடத்தி, நான் பேசுவது காந்தம். அது மூன்றடுக்கு, நீங்கள் மைக்கில் சொன்னது இரண்டடுக்கு. இரண்டடுக்கில் அப்படி வரம்பு மீறவும் இல்லை. 2018ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பாப்லோ ஹரிலோ-ஹெரேரோ குழு 1.7 கெல்வினில் மீக்கடத்தலைக் கண்டது, அதற்கு ஏழு வருடம் முன்பே பிஸ்ட்ரிட்ஸரும் மெக்டொனால்டும் அந்தக் கோணத்தைக் கணக்கிட்டுச் சொன்னது, எல்லாம் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். ஆர்பிட்டல். திரும்பவும் சொல்கிறேன், ஆர்பிட்டல்.

கொடைக்கானல் பனி:
காந்தம் பற்றி நீலகிரியில் பேசலாமா? வானியலாளர் எவர்ஷெட் 1909ல் சூரியப் புள்ளியை ஆராய்ந்தது எங்கள் ஊரில்.

குன்னூர் வாத்தியார்:
எவர்ஷெட் கண்டது வாயு ஓட்டம். சூரியப் புள்ளியில் காந்தப்புலத்தைக் கண்டது 1908ல் ஹேல், அமெரிக்காவில். உங்கள் ஊர் ஏரியில் படகு விடுங்கள்.

கோத்தகிரிக்காரன்:
பார்த்தீர்களா, யார் வந்தாலும் இந்தத் தொனிதான். ஊட்டி முத்தொரை ரேடியோ தொலைநோக்கியின் நீளம் 530 மீட்டர் என்று நான் சொன்னபோது 500தான் என்று நள்ளிரவு வரை சண்டை போட்டவர் இவர்!

குன்னூர் வாத்தியார்:
முழு எண்ணாகச் சொன்னேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கூடலூர் மழை:
கிராஃபீனில் டங்ஸ்டன் டைசெலினைடு படிகத்தை ஒட்டிய மாதிரியில் ஸ்பின்-ஆர்பிட் பிணைப்பு தூண்டிய ஃபெரோகாந்தம் (இரும்புபோல் நிலைத்த காந்தம்) என்று 2022ல் வந்ததே, அது யார் கணக்கில்?

கோத்தகிரிக்காரன்:
பெயரிலேயே ஸ்பின் முன்னால் நிற்கிறது! என் கணக்கு.

குன்னூர் வாத்தியார்:
ஆர்பிட்டும் நிற்கிறது, கண்ணாடி மாற்றுங்கள். தவிர அது வெளியிலிருந்து ஒட்டிய சரக்கு.

கோத்தகிரிக்காரன்:
உங்கள் போரான் நைட்ரைடு மட்டும் கிராஃபீனுக்குப் பிறந்த வீட்டுச் சீரா?

மஞ்சூர் அக்கா:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

குன்னூர் வாத்தியார்:
அக்கா, நடுவில் வராதீர்கள். கோத்தகிரி, அந்தக் கூட்டத்துக்குப் பேச்சாளரைத் தேர்ந்தெடுத்தது யார் என்பதையும் சேர்த்தே நாளைக்குப் பேசுவோம். இங்கே மழை, சிக்னல் விட்டு விட்டு வருகிறது. பல போர் மேக்னட்டான் சார், பல!