பட்டாளத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

கரிசல்காடு:

நான்குவழிச் சாலை, கவிழ்ந்த வேன், கூட்டம். எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அதை விட்டுவிடுகிறேன். எங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் தலை நரைத்த ஒருவர் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கத்தி அழுதவர்களையெல்லாம் தாண்டி நேராகப் பள்ளத்துக்குள் இறங்கினார். அங்கே ஒரு பையன் சத்தமே இல்லாமல் கிடந்தான். முழங்காலுக்கு மேலே ரத்தம் பீறிட்டுக்கொண்டிருந்தது. கையால் அழுத்திப் பார்த்தார், நிற்கவில்லை. யாரோ ஒருவர் துண்டு நீட்ட, அதை அகலப் பட்டையாக மடித்துத் தொடையில் கட்டி, டிரைவரிடம் ஸ்பேனர் வாங்கிச் செருகி முறுக்கினார். ரத்தம் நின்றது.

அப்புறம், "பேனா இருக்கா தம்பி?" என்றார். கொடுத்தேன். பையனின் நெற்றியில் 9.40 என்று எழுதினார். பையனின் அம்மா அழுதுகொண்டே முந்தானையால் அதைத் துடைக்கப் போனார். இவர் அந்தக் கையைப் பிடித்து, "அழிக்காதம்மா, இது டாக்டர் படிக்கிறதுக்கு" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதில் அதட்டல் இல்லை, அவசரமும் இல்லை.

108 வந்து பையனை ஏற்றிப் போனதும் பஸ்ஸில் வந்து உட்கார்ந்தார். "ஏ.எம்.சி.யில, அதான் ராணுவ மருத்துவப் படையில இருந்தேன், இப்போ ஒரு ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர்ல வேலை" என்றார். அவ்வளவுதான் பேச்சு. பெயர் கேட்பதற்குள் அவருடைய நிறுத்தம் வந்துவிட்டது.

வைகறை:

நான் நர்ஸ். சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பார்க்கும் பிரிவில் என்னோடு ஒரு முன்னாள் ஹவில்தார் வேலை செய்தார். நாங்கள் அவரை அண்ணே என்போம். மோனோஃபிலமெண்ட் என்ற நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று பார்ப்போமே, அதை எடுப்பதற்கு முன்னால் அண்ணன் நோயாளியின் செருப்பைக் கையில் எடுப்பார். உள்ளே விரலை விட்டுத் தடவுவார்.

ஒருநாள் ஒரு பெரியவர் வந்தார். செருப்பைத் தடவிய அண்ணன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். கீழிருந்து ஒரு ஆணி ஏறி, அட்டையைத் தாண்டி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. "ஐயா, இது எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டார். பெரியவர், "எது?" என்றார். பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் ஆணி இருந்த அதே இடத்தில் குழி, சுற்றிலும் சீழ். அந்தச் செருப்போடு அவர் நடந்தேதான் வந்திருக்கிறார்.

அன்றைக்கு டீ குடிக்கும்போதுதான் அண்ணன் சியாச்சின் பற்றிச் சொன்னார். அங்கே பனியில் ஒரு காவல் போஸ்ட்டில் ஒரு ஜவான் சிரித்துப் பேசிக்கொண்டே சாக்ஸைக் கழற்றியிருக்கிறான். விரல்கள் வெளுத்துக் கட்டை மாதிரி இருந்திருக்கின்றன. அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. "வலிக்குதுன்னு சொல்றவன்கிட்ட பயமில்லம்மா. மரத்துப்போனவன் வாயே திறக்க மாட்டான். அவன் சாக்ஸை நாமதான் கழற்றணும்" என்றார். பனியில் விறைத்த காலுக்கும் வெயிலில் நடந்து வரும் சர்க்கரை நோயாளியின் காலுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருப்பதை எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை. இப்போது நானும் முதலில் செருப்பைத்தான் பார்க்கிறேன்.

பாறைக்குளம்:

கரிசல்காடு, அந்தப் பெரியவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் இதைப் படிப்பவர்கள் கட்டுப் போடக் கிளம்பிவிடக் கூடாது. எங்கள் மாமா ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டன்டாக இருந்து, பிறகு ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தவர். பக்கத்து வயலில் ஒரு பெண்ணைப் பாம்பு கடித்துவிட்டது. இவர் போவதற்குள் கெண்டைக்காலில் கயிற்றால் இறுக்கக் கட்டியிருந்தார்கள். பாதம் நீலம் பாரித்துவிட்டது. மேலே இன்னொரு கட்டுப் போட வந்தவர்களை அவர் விடவில்லை. சரி, கீழே கட்டியதையாவது அவிழ்ப்பார் என்று பார்த்தால் அதையும் அவிழ்க்கவில்லை. "விஷமுறிவு மருந்து கையில இருக்கிற டாக்டர் முன்னாலதான் அவிழ்க்கணும்" என்று சொல்லிவிட்டு, காலைக் குச்சி வைத்து அசையாமல் கட்டி வண்டியில் ஏற்றினார். ஊரே அவரைத் திட்டியது. கட்டு என்பது அவ்வளவு ஆபத்தானது.

நீர்முள்ளி:

பாறைக்குளம், நீங்கள் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறீர்கள். பாம்புக்கடிக்குக் கட்டுப் போடக் கூடாது, அதில் உங்கள் மாமா செய்தது நூற்றுக்கு நூறு சரி. பீறிடும் ரத்தம் அப்படியல்ல. தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடும். ரத்தத்தை நிறுத்த இப்படி முறுக்கிப் போடும் கட்டுக்கு டூர்னிக்கெட் என்று பெயர். முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே அதற்குக் கெட்ட பெயர் உண்டு. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின் அனுபவத்துக்குப் பிறகுதான் அது மறுபடி முன்னுக்கு வந்தது.

எங்கள் கம்பெனியில் முதலுதவி சொல்லித்தர வந்தவரும் பட்டாளத்து ஆள்தான். என் புஜத்தில் கட்டி முறுக்கிக் காட்டினார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வலிச்சாதான் சரியாக் கட்டியிருக்குன்னு அர்த்தம்" என்றார். அவர் சொன்னதை இங்கே வைக்கிறேன். முதலில் காயத்தின் மேலேயே நேராக அழுத்துங்கள், பெரும்பாலான ரத்தப்போக்கு அதிலேயே நின்றுவிடும். நிற்காமல் கையிலோ காலிலோ பீறிட்டால் மட்டும் கட்டு. காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மீது படாமல். மெல்லிய கயிறு, ஒயர் வேண்டாம், சதையை அறுத்துவிடும். ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். அரைகுறையாக இறுக்கினால் ரத்தப்போக்கு இன்னும் கூடும். கட்டிய நேரத்தை எழுத வேண்டும், ஏனென்றால் 2 மணி நேரம் வரை பொதுவாகக் கால் தாங்கும், அதைத் தாண்டத் தாண்ட ஆபத்து. பழைய புத்தகங்களில் கால் மணிக்கு ஒருமுறை தளர்த்தச் சொல்லியிருக்கும். அதைச் செய்யாதீர்கள், தளர்த்தும் ஒவ்வொரு முறையும் ரத்தம் போகும். போலீஸ், கேஸ் என்று பயந்து ஒதுங்கவும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவு உதவி செய்பவரைப் பாதுகாக்கிறது.

புன்னைமரம்:

எல்லோரும் அவர்கள் கைவேலையைப் பற்றிச் சொல்கிறீர்கள். நான் என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். ஏ.எம்.சி., லக்னோவில் பயிற்சி, ஹவில்தாராக ஓய்வு. அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். நர்சிங் கவுன்சில் பதிவு எண் கேட்டார்கள், இல்லை. வார்டு உதவியாளர் என்று போட்டுக்கொண்டார்கள்.

நைட் டூட்டிக்கு நான் சாப்பாடு கொண்டுபோன ஒரு இரவு, வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தை ஒன்று வந்தது. டியூட்டி டாக்டர் சின்னப் பெண். எங்கே குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. அப்பா வெதுவெதுப்பான துணியைக் குழந்தையின் கையில் சுற்றிக் காத்திருந்தார். பிறகு கண்ணால் பார்க்காமல் விரலால் தடவித் தேடினார். டாக்டர் தலையாட்ட, ஒரே குத்தில் வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்றும் ஊசிக்குழாய்) ஏறியது.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு, இனி ஊசியைத் தொடக் கூடாது என்றார். அப்பா, "சரி சார்" என்றார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோதும் அதே குரல்தான்.

பதிவு இல்லாதவர் ஊசி போடக் கூடாது என்ற விதி நோயாளியின் பாதுகாப்புக்குத்தான், எனக்குப் புரிகிறது. ஆனால் இத்தனை வருடம் ராணுவ ஆஸ்பத்திரியில் இதையே செய்தவரைச் சோதித்துப் பார்த்து மேலே ஏற்றிவிட ஒரு படி இருந்திருக்க வேண்டாமா? யாரிடம் கேட்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

நெடுஞ்செழியன் தெரு:

புன்னைமரம், நீங்கள் சொல்லும் படியை அமெரிக்காவில் 1965-லேயே கட்டினார்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்தவர்களை வைத்து ஒரு படிப்பைத் தொடங்கினார். டாக்டரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்கும் ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் என்ற தொழிலே அப்படி வந்ததுதான். இங்கே 2021-ல்தான் துணை மருத்துவத் தொழில்களுக்குத் தனிச் சட்டம் வந்தது.

என் சித்தப்பாவும் ராணுவத்தில் இதே வேலைப் பிரிவு. அவருக்கு வழிவிட்டது ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக், அதாவது முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தின் கிளினிக். 2003-ல் தொடங்கிய திட்டம், ஒப்பந்த வேலைக்கு முன்னாள் படைவீரர்களை எடுக்கிறார்கள். முதல் நாள் மருந்து டிரேயைக் கையில் கொடுத்தபோது அட்டென்ஷனில் நின்றுதான் வாங்கினாராம். அப்பாவை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள். டிஸ்சார்ஜ் புக், பயிற்சிச் சான்றிதழ்கள் எல்லாவற்றுக்கும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். வயது வரம்பையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

புன்னைமரம்:

நன்றிங்க. அப்பாவிடம் பாலிகிளினிக் என்று சொன்னதும் ஊசி போட விடுவார்களா என்றுதான் முதலில் கேட்டார். டிஸ்சார்ஜ் புக் இருக்கிறது, பயிற்சிச் சான்றிதழ் ஒன்று தண்ணீர் பட்டு எழுத்து கலைந்துவிட்டது. அதற்கு நகல் வாங்க ராணுவத்தின் ரெக்கார்டு ஆபீஸுக்கு நேரடியாக எழுதலாமா, நல அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டுமா?