புதுப்பிப்பு: காசில்லாமல் கணினியியல் முதுகலை ஆய்வு

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்து வீட்டிலிருந்து, கையில் காசில்லாமல், கணினியியலில் ஆய்வுவழி முதுகலை படிக்க முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வழி கிடைத்துவிட்டது.

உபகாரச் சம்பளத்துக்கு மட்டும் மனுப் போட்டுக் காத்திருந்தது என் தப்பு. நீங்கள் சொன்னபடி பேராசிரியர்களுக்கே நேராக எழுதினேன். 11 மின்னஞ்சல், 2 பதில். அதில் ஒருவரிடம் உயர்கல்வி அமைச்சின் எஃப்ஆர்ஜிஎஸ் (அடிப்படை ஆய்வு மானியத் திட்டம்) ஆய்வு மானியம் இருந்தது. அதிலிருந்து ஆய்வு உதவியாளருக்கு மாதப்படி தரலாமாம்.

என்ன தலைப்பு என்று கேட்டார். மலாய் கலந்த நம் தோட்டத் தமிழைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருள் என்றேன். பாட்டி “பாசாருக்குப் (சந்தைக்கு) போய் சாயோர் (காய்கறி) வாங்கிட்டு வாய்யா” என்ற பதிவைப் போட்டுக் காட்டியதும் சிரித்துவிட்டார்!

அப்புறம் ஒன்று: மானியம் முடிந்தால் படியும் நின்றுவிடும். எத்தனை மாதம் பாக்கி என்று முதலிலேயே கேளுங்கள். நான் கேட்க மறந்து, நேற்றுதான் எழுதியிருக்கிறேன்.