கோடு இறங்கினால் வண்டி மெதுவாகிறது என்றுதானே அர்த்தம்?

சிப்புட்_அம்மா:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். மகன் படிவம் 4. ஃபிசிக்ஸ் சோதனையில் வந்த திசைவேகம்–நேரம் வரைபடத்தால் வீட்டில் இரண்டு நாளாகச் சண்டை. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஆலைப் பக்கம் புறப்படுகிறது. 4 வினாடியில் 0இலிருந்து 8 மீ/வி. 10ஆவது வினாடி வரை அதே 8. அப்புறம் ஒரே நேர்கோடாக இறங்கி, 14இல் அச்சைத் தாண்டி, 16இல் −4. "10 முதல் 16 வரை என்ன நடக்கிறது?" என்பது கேள்வி. மகன் "நியாபெசுத்தான்" (மலாயில் வேகக் குறைவு) என்று மட்டும் எழுதினான். பாதி மார்க் போச்சு. ஏன்?

டியூஷன்_சார்:
பையன் எழுதியது சரிதான். கெசெருனான் (கோட்டின் சரிவு) போட்டுப் பாருங்கள்: (−4 − 8) ÷ 6 = −2. மைனஸ் வந்தால் நியாபெசுத்தான். ஏறினால் முடுக்கம், படுத்தால் சீரான வேகம், இறங்கினால் மெதுவாகிறது. இருபது வருஷமாக இந்த மூன்று வரிதான் சொல்லிக் கொடுக்கிறேன், பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள்.

பழைய_டயர்:
சார், −2 சரி. அதற்கு நீங்கள் சொல்லும் அர்த்தம் 14ஆவது வினாடியோடு தீர்ந்துவிடுகிறது. 15இல் திசைவேகம் −2, 16இல் −4. மைனஸை விரலால் மறைத்துப் பாருங்கள்: 2, அப்புறம் 4. லோரி பின்னால் போகிறது, அதுவும் வேகம் பிடித்துக்கொண்டு. மைனஸ் சொல்வது எந்தப் பக்கம் என்பதைத்தான். திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறியில் இருந்தால் வேகம் கூடும், எதிர்க்குறியில் இருந்தால் குறையும். விட்ட மார்க் அந்தக் கடைசி 2 வினாடியில்தான் இருக்கிறது.

டியூஷன்_சார்:
தம்பி, 14இல் லோரி நின்றுவிடுகிறது. நிற்கிற வண்டிக்கு ஏது முடுக்கம்? அங்கே பூஜ்யம். அப்புறம் எப்படி ஒரே −2 முழுக்க வரும்?

லோரி_ஓட்டி:
நடுவில் ஒரு வார்த்தை. 8 மீ/வி என்றால் மணிக்கு 29 கிலோமீட்டர், செம்மண் சாலைக்கு அது பரவாயில்லை. ஆனால் எந்த லோரி ஐயா கியர் மாற்றாமல் ரிவர்ஸ் எடுக்கும்? நிஜ லோரி என்றால் கோடு அச்சைத் தொட்டதும் கொஞ்ச நேரம் அச்சிலேயே படுத்துக் கிடக்கும். கேள்வி போட்டவர் லோரியில் ஏறியதே இல்லை போல.

பழைய_டயர்:
அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. அங்கே லோரிக்குப் பதில் டயர் இருந்திருக்க வேண்டும். சின்ன வயதில் லயத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில் பழைய டயரை உருட்டி விடுவோம். ஏறும், ஏறும், ஒரு கணம் தயங்கும், பிறகு நம்மையே தேடி வரும். அந்தத் தயங்கும் கணத்தில் முடுக்கமும் பூஜ்யம் என்றால் டயர் மேட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டுமே, சார்? என் முழங்கால் தழும்பு வேறு மாதிரி சொல்கிறது. எண்ணாகவே பாருங்கள்: 13.9இல் +0.2, 14.1இல் −0.2. 0.2 வினாடியில் −0.4 மாற்றம். முடுக்கம் −2தான். ரம்புத்தானை நேராக மேலே எறிந்தாலும் இதே கதை. உச்சியில் திசைவேகம் 0, முடுக்கம் மட்டும் கீழ்நோக்கி 9.81.

இந்தக் குழப்பத்துக்கு டிக்கர் டேப்பும் (ஆய்வுக்கூடத்தில் ஓடும் டிரோலியின் பின்னால் கட்டி, சீரான நேரத்துக்கு ஒரு புள்ளி விழும் காகித நாடா) ஒரு காரணம் என்பது என் சந்தேகம். வினாடிக்கு 50 புள்ளி, பத்துப் பத்து இடைவெளியாக வெட்டி வரிசையாக ஒட்டினால் வரைபடம் தயார். ஆனால் டிரோலி இழுத்துக்கொண்டு போகும் டேப் திரும்பி வராது. அதனால் நாம் ஒட்டிய எந்தத் துண்டும் அச்சுக்குக் கீழே போனதில்லை. அங்கே "இறங்கினால் மெதுவாகிறது" எப்போதும் பலித்தது.

டியூஷன்_சார்:
டேப் விஷயம் நியாயம். நானும் அதில்தான் படித்தேன். சரி, அச்சுக்குக் கீழே என் மூன்றாவது வரி செல்லாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் நாளே குறிக்கணக்கைக் கொட்டினால் பாதிப் பிள்ளைகள் ஓடிவிடும். முதலில் என் மூன்று வரி, அப்புறம் உங்கள் டயர்.

பழைய_டயர்:
அப்படியென்றால் "அச்சுக்கு மேலே இருக்கும்வரை" என்று மூன்று சொல் மட்டும் முன்னால் சேர்த்துவிடுங்கள் சார்.

சிப்புட்_அம்மா:
அடுத்து தூரம் கேட்டிருக்கிறார்கள். மகன் 84 என்கிறான், அவன் அப்பா 76 என்கிறார்.

டியூஷன்_சார்:
இரண்டும் சரி அம்மா, கேள்வியைத்தான் பார்க்க வேண்டும். கோட்டுக்கு அடியில் உள்ள பரப்பு 16 + 48 + 16 = 80 மீட்டர், ஆலைப் பக்கம். அச்சுக்குக் கீழே 4 மீட்டர், திரும்பி. ஓடிய தூரம் கேட்டால் 84. செசாரான் (இடப்பெயர்ச்சி) கேட்டால் 76.

சிப்புட்_அம்மா:
நன்றி சார். மகன் இன்னொன்று கேட்கிறான். இதையே இடப்பெயர்ச்சி–நேரம் வரைபடமாகப் போட்டால் 14இல் உச்சி கூராக வருமா?

பழைய_டயர்:
வராது தங்கச்சி. 12இல் 76, 13இல் 79, 14இல் 80, 15இல் 79, 16இல் 76. புள்ளிகளைச் சேர்த்தால் வளைந்த மேடு. உச்சியில் சரிவு மெல்லப் பூஜ்யமாகி, அப்புறம்தான் மைனஸாகும். கூர் வந்தால் முன்னால் போன வண்டி ஒரு நொடியும் எடுக்காமல் பின்னால் போகிறது என்று அர்த்தம்.

லோரி_ஓட்டி:
அப்படி ஓட்டினால் குலை மொத்தமும் என் தலைக்கு மேலே பறந்து போய் ஆலைக்கு எனக்கு முன்னால் சேர்ந்திருக்கும்.