டிரான்ஸீவர்: ‘தொடர்பி’ போதுமா, ‘பரப்பேற்பி’ வேண்டுமா?

குழுவினருக்கு வணக்கம்.

விலை குறைந்த வயர்லெஸ் மாட்யூல் தேர்வு பற்றிய கையேட்டு வரைவில் எல்லாவற்றுக்கும் ‘கம்பியில்லாத் தொடர்பி’ என்றே இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை இந்தச் சொல் மறைத்துவிடுகிறது: அனுப்ப மட்டுமா (டிரான்ஸ்மிட்டர்), வாங்க மட்டுமா (ரிசீவர்), இரண்டுக்குமா (டிரான்ஸீவர்)?

433 மெகாஹெர்ட்ஸில் மலிவாகக் கிடைக்கும் எஃப்எஸ்1000ஏ வெறும் டிரான்ஸ்மிட்டர். அதோடு சேர்த்து விற்கும் எக்ஸ்ஒய்-எம்கே-5வி வெறும் ரிசீவர். போனது சேர்ந்ததா என்பது அனுப்பிய பக்கத்துக்குத் தெரியாது. ஒரே செய்தியை ஐந்தாறு முறை அனுப்பிவிட்டு நம்ப வேண்டியதுதான். என்ஆர்எஃப்24எல்01+ சில்லில் இரண்டும் உண்டு. ஒரு பொட்டலத்தில் 32 பைட் வரை போகும்; சேர்ந்தது என்ற ஒப்புதல் எதிர்ப்பக்கத்திலிருந்து வராவிட்டால் 15 முறை வரை தானே மறுபடி அனுப்பும். மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் கீழே மோட்டாரை நிறுத்த இதுதான் சரி. அறை வெப்பத்தை நிமிடத்துக்கு ஒருமுறை சொல்ல அந்த 433 ஜோடி போதும். ஒன்று தவறினாலும் அடுத்தது வரும்.

பரப்பி (டிரான்ஸ்மிட்டர்), ஏற்பி (ரிசீவர்) இரண்டும் ஏற்கெனவே புழங்கும் சொற்கள். பரப்பு + ஏற்பி = பரப்பேற்பி. டிரான்ஸீவருக்கு இதை வைக்கலாமா?

—

> பரப்பு + ஏற்பி = பரப்பேற்பி

புணர்ச்சி சரி, பொருளில் இரண்டு உறுத்தல்கள். ‘பரப்பி’ என்றதும் ஒலிபரப்புதான் நினைவுக்கு வருகிறது. 24எல்01+ ஊருக்கே சொல்வதில்லை. 3 முதல் 5 பைட் முகவரி போட்டு ஒருவருக்கு அனுப்புகிறது. அதனால் ‘செலுத்தேற்பி’ பொருந்தும் என்பது என் கருத்து. இன்னொன்று, இப்படி ஒட்டிய சொல்லைப் படிப்பவர் இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடக்கும் என்று எண்ணிவிடுவார். நடக்காது. ஏற்பு நிலையிலிருந்து பரப்பு நிலைக்கு மாற 130 மைக்ரோவினாடி ஆகும்; அந்த இடைவெளியில் வருவது போனதுதான். ‘கொடுவாங்கி’ என்றால் முறை வைத்துச் செய்வது தொனிக்கிறது, ஆனால் கடன் பத்திரம் மாதிரி இருக்கிறது!

—

முகவரி பொட்டலத்துக்குள் இருக்கும் சங்கதி. ஆன்டெனாவை விட்டு அலை எல்லாத் திசையிலும்தான் போகிறது. வேறு முகவரிக்கு வந்ததை ஏற்பிதான் தள்ளிவிடுகிறது. ஆகவே ‘பரப்பேற்பி’யே இருக்கட்டும். ஒரே நேரத்தில் நடக்காது என்பதைத் தலைச்சொல்லில் திணிக்காமல், ‘முறைமாற்றுப் பரப்பேற்பி’ என்று அடைகொடுத்துக் காட்டலாம். 433 ஜோடிக்கு எப்போதும் ‘பரப்பி-ஏற்பி இணை’ என்றே எழுதுங்கள்.

பெயரில் இன்னொரு வலை, அந்தக் கூட்டல் குறி. அது இல்லாத பழைய சில்லில் 250 கேபிபிஎஸ் (நொடிக்கு 250 கிலோபிட்) வேகம் கிடையாது, 1 அல்லது 2 எம்பிபிஎஸ் (மெகாபிட்) மட்டுமே. தூரம் வேண்டுமென்றால் 250-தான் கைகொடுக்கும். சில்லின் மேல் அச்சடித்ததை நம்பாமல், அந்த வேகத்தைச் சில்லுக்குள் இருக்கும் பதிவேட்டில் (ரெஜிஸ்டர்) எழுதி உடனே திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும். எழுதியது நிற்கவில்லையென்றால் பழைய வகை. மொழிபெயர்ப்பில் ‘+’ விழுந்துவிடக் கூடாது.

அலைவரிசையையும் பெயரோடு சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தியாவில் லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டும் ரேடியோ முறை) வாங்குபவருக்கு உரிமம் தேவைப்படாத பட்டை 865–868 மெகாஹெர்ட்ஸ். லோராவுக்கான எஸ்எக்ஸ்1276 சில்லு பரந்த வரம்பில் வேலை செய்யும் என்பதற்காக 433-க்கான மாட்யூலை வாங்கி 866-இல் ஓட்டினால் வீச்சு படுத்துவிடும். பலகையில் உள்ள இசைவுச் சுற்றும் (சில்லை ஆன்டெனாவோடு பொருத்தும் சுற்று) ஆன்டெனாவும் 433-க்குச் செய்தவை. ஆன்டெனா நீளமே சொல்லிவிடும்: கால் அலை 433-க்கு 17.3 செ.மீ., 866-க்கு அதில் பாதி.

கடைசியாக, வரைவில் ‘பிணைப்பறு மின்தேக்கி’ (டீகப்ளிங் கெபாசிட்டர்) என்று ஒன்று இருக்கிறது. எந்தப் பிணைப்பு, ஏன் அறுக்க வேண்டும் என்று படிப்பவருக்கு விளங்காது. 24எல்01+ அனுப்பும்போது எடுப்பது 11.3 மில்லிஆம்பியர்தான். ஆனால் பவர் ஆம்ப்ளிஃபயர் சேர்த்த, வெளி ஆன்டெனா வைத்த மாட்யூல் 100-ஐத் தாண்டும். மாட்யூலை இயக்கும் ஆர்டுயினோ ஊனோ பலகையின் 3.3 வோல்ட் முனை 50 மட்டுமே தரும். தனி ரெகுலேட்டர் வேண்டும். அப்போதும் நீண்ட ஜம்பர் வயர் வழியாகப் போனால், அனுப்பத் தொடங்கும் கணத்தில் வோல்ட் சரியும், மாட்யூல் உறைந்துவிடும். மாட்யூலின் விசிசி (மின் உள்ளீடு), கிரவுண்ட் கால்களிலேயே 10 முதல் 100 மைக்ரோஃபாரட் வரையிலான மின்தேக்கி ஒன்றைப் பற்றவைத்தால் தீரும். ரெகுலேட்டர் பக்கம் வைத்துப் பயனில்லை. வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் தட்டும்போது அங்கேயே ஒரு குட்டை வெட்டி வைப்பதைப் போல. ‘கடைமடைத் தேக்கி’ என்றால் எங்கே வைப்பது என்பதும் சொல்லிலேயே வந்துவிடும். இதற்குத் தனி இழை தொடங்கலாமா?