தாத்தாவின் பெட்ரோமாக்ஸ்: தொட்டியில் துளை போடச் சொல்கிறார் சித்தப்பா

கேள்வி: கடலோரத்தான்

குளச்சலில் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து தாத்தாவின் பெட்ரோமாக்ஸ் விளக்கைப் போன வாரம் இறக்கினேன். தொட்டியில் 829 என்றும் 500 சி.பி. (கேண்டில் பவர், ஒளி அளவு) என்றும் பொறித்திருக்கிறது. ஜெர்மனியில் செய்தது. தாத்தா இரவில் கணவாய் மீன் பிடிக்கக் கட்டுமரத்தில் போகும்போது இதைத்தான் கொண்டுபோவார். கோயில் திருநாளில் சப்பரத்துக்கு முன்னால் இதைத் தூக்கிக்கொண்டு நடந்ததும் அவர்தான். அவர் இறந்த பிறகு யாரும் இதை ஏற்றவில்லை.

உப்புக்காற்றில் நிக்கல் முலாம் அங்கங்கே உரிந்து, பித்தளையில் களிம்பு ஏறியிருக்கிறது. மேல்மூடியின் எனாமல் உதிர்ந்துவிட்டது. பம்பு முதலில் காற்றே தள்ளவில்லை. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டதும் தள்ளியது, ஆனால் கையை எடுத்தால் தண்டு தானாக மேலே எழும்பி வருகிறது. அழுத்தமானியின் முள் அசைவதே இல்லை.

"இதெல்லாம் இனி ஆகாது, தொட்டியில் துளை போட்டு ஒயரை இழுத்து எல்.இ.டி. பல்பு மாட்டிவிடு, வரவேற்பறையில் அழகாக இருக்கும்" என்கிறார் சித்தப்பா. எனக்கு மனம் வரவில்லை. இதை மறுபடி எரியவைக்க முடியுமா?

மறுமொழி: வாடகை விளக்குக்காரர்

தம்பி, துளை போடும் கருவியை முதலில் எடுத்து உள்ளே வையுங்கள். துளை விழுந்த தொட்டி மறுபடி அழுத்தம் தாங்காது. ஈயம் வைத்து அடைத்தாலும் அதை நம்பி நான் பக்கத்தில் நிற்க மாட்டேன்.

நாகர்கோவிலில் என் அப்பா விளக்கு வாடகைக் கடை வைத்திருந்தார். பள்ளி விட்டு வந்தால் எனக்கு வேலை மேண்டில் என்ற ஒளிரும் துணிக்கூட்டைக் கட்டுவதும் வாஷர் மாற்றுவதும்தான். நீங்கள் சொல்லும் கோளாறு ஒவ்வொன்றும் என் கைக்குப் பழக்கம்.

தண்டு தானாக எழும்புகிறது என்றால் பம்புக் குழாயின் அடியில் இருக்கும் ஒருவழி வால்வு பிடிக்கவில்லை. உள்ளே போன காற்று திரும்பி வருகிறது. அதற்குள் இருக்கும் சிறு ரப்பர் கட்டை கல்லாக இறுகியிருக்கும். அதை மாற்றினால் போதும். வால்வைக் கழற்ற நீண்ட திருகுளி வேண்டும். சரியான அளவு கிடைக்காமல் நெம்பினால் பித்தளை வாய் சிதைந்துவிடும், அவசரப்பட வேண்டாம். தோல் வாஷரைக் கழற்றி விளக்கெண்ணெயில் ஓரிரவு ஊறவையுங்கள். விரலால் விளிம்பை மெல்ல விரித்து மாட்டினால் பல வருடம் உழைக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் தொட்டியின் அடிப்பாகத்தைத் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தால் அது எப்போதோ அளவுக்கு மீறிய அழுத்தம் கண்ட தொட்டி. அதை அலமாரியில் வைத்துக் கும்பிடலாம், ஏற்றக் கூடாது. புடைப்பு இல்லையென்றால், மண்ணெண்ணெய் ஊற்றாமல் காற்று மட்டும் கொஞ்சம் அடித்து, தொட்டியை வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். குமிழி வரும் இடமெல்லாம் கசியும் இடம். எண்ணெய் ஊற்றும் மூடியின் வாஷர், எண்ணெயை ஆவியாக்கும் ஆவிக்குழாய் தொட்டியில் இறங்கும் கழுத்து, பம்பின் அடி ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அழுத்தமானி செத்திருந்தாலும் கவலையில்லை. எங்கள் கடையில் பாதி விளக்குகளில் முள் அசையாது, பம்பின் கனத்தைக் கை சொல்லிவிடும்.

துலக்குவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முலாம் உரிந்த இடத்தில் புளி வைக்கலாம், வைத்த கையோடு கழுவித் துடைத்துவிட வேண்டும். முலாம் மிச்சமிருக்கும் இடத்தில் சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் தவிர வேறு எதுவும் படக் கூடாது. அம்மோனியா கலந்த திரவம் வேண்டவே வேண்டாம். அழுத்தி உருவாக்கிய பித்தளையில் அது மயிரிழை வெடிப்பை உண்டாக்கும், கண்ணுக்குத் தெரியாது.

மறுமொழி: வேதியியல் ஆசிரியை

வாளிச் சோதனைக்கு என் வாக்கும் உண்டு. நான் சொல்ல வந்தது மேண்டிலைப் பற்றி. பரணில் பழைய மேண்டில் பொட்டலம் இருந்தால் அது தோரியம் கலந்ததாக இருக்கலாம். கார்ல் ஆவர் என்ற ஆஸ்திரிய வேதியியலாளர் 1891-இல் நிலைநிறுத்திய கலவை அது: 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. துணி எரிந்து போனபின் மிஞ்சும் அந்தச் சாம்பல் கூடுதான் வெண்ணிறமாக ஒளிர்கிறது. தோரியம் லேசான கதிரியக்கம் உடையது. தூரத்தில் எரிவதால் பெரிய ஆபத்து இல்லை, ஆனால் உடைந்த மேண்டில் தூளை ஊதாதீர்கள், மூச்சில் இழுக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். இப்போது இட்ரியம் மேண்டில்கள் கிடைக்கின்றன, அவற்றையே வாங்குங்கள்.

குளச்சல்காரர் என்பதால் இதையும் சொல்கிறேன். அந்தத் தோரியம் இருக்கும் மோனசைட் என்ற கனிமம் உங்கள் பக்கத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கிறது. ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909-இல் திருவிதாங்கூர்க் கரையில் அதைக் கண்டறிந்தபோது, உலகம் அதைத் தேடியதே கேஸ் விளக்கு மேண்டிலுக்காகத்தான். உங்கள் ஊர் மணல் ஜெர்மனிக்குப் போன காலம் ஒன்று இருந்தது. ஜெர்மன் விளக்கு ஒன்று உங்கள் ஊர்க் கட்டுமரத்தில் ஏறியதைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

மறுமொழி: கடலோரத்தான்

ஐயா, அடிப்பாகம் புடைக்கவில்லை! வாளியில் மூடியிலிருந்தும் ஆவிக்குழாய்க் கழுத்திலிருந்தும் குமிழி வந்தது. மூடிக்கு ரப்பர் வாஷரும் கழுத்துக்கு ஈய வாஷரும் மாற்றினேன், வால்வு ரப்பரையும் மாற்றியாயிற்று. இப்போது தண்டு எழும்பவில்லை.

நேற்று மாலை முற்றத்தில் ஏற்றினேன். மஞ்சள் தீ புகையோடு மேலே எழும்பி, மேண்டில் கரி பிடித்துவிட்டது. பயந்து அணைத்துவிட்டேன். பர்னர் சரியில்லையா?

ஆசிரியை அம்மா, மணவாளக்குறிச்சி செய்தியை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

மறுமொழி: வாடகை விளக்குக்காரர்

அணைத்தது சரி. அடுத்த முறையும் அப்படியானால் எண்ணெய் மூடியின் காற்றுத்திருகைத் திறந்துவிடுங்கள், அழுத்தம் போனால் தீயும் போகும்.

காரணம் இரண்டில் ஒன்று. ஆவிக்குழாய் நன்றாகச் சூடாகுமுன் எண்ணெயைத் திறந்திருப்பீர்கள். குழாயைச் சூடாக்கக் கிண்ணத்தில் ஊற்றிய ஸ்பிரிட் முழுவதும் எரிந்து அடங்கும் தறுவாய் வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஆவிக்குப் பதில் எண்ணெயே கொட்டும். அதில் குறையில்லை என்றால் மேலே காற்றும் ஆவியும் கலக்கும் வளைந்த குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பரணில் கிடந்த விளக்கு, குளவி சும்மா விட்டிருக்காது.

மேல்மூடிக்கு, அடுப்புக்கு அடிக்கும் வெப்பம் தாங்கும் பெயின்ட் பூசுங்கள். சாதாரண பெயின்ட் முதல் இரவிலேயே நாறும். சித்தப்பாவின் பல்பு ஆசைக்கும் வழி உண்டு. மேண்டில் கட்டும் இடத்தில் சிறு எல்.இ.டி.யைத் தொங்கவிட்டு, பாட்டரியை மேல்மூடிக்குள் ஒளித்தால் ஒரு துளையும் வேண்டாம். திருநாள் அன்று கழற்றிவிட்டு மேண்டில் கட்டிக்கொள்ளலாம். எது செய்தாலும் பெட்ரோல் மட்டும் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது.

மறுமொழி: கடலோரத்தான்

குளவிக்கூடேதான் ஐயா. வளைவில் சுண்டுவிரல் கனத்துக்கு மண் அடைத்திருந்தது. கம்பியால் குத்தி, தண்ணீர் விட்டுக் கழுவி, காயவைத்து மாட்டினேன். ஸ்பிரிட் முழுவதும் எரியும் வரை கைகட்டி நின்றேன். புது மேண்டில் முதலில் சுருங்கிக் கறுத்து, பிறகு ஒரு நொடியில் வெளுத்தது. அந்த இரைச்சல் கேட்டதும் அடுப்படியிலிருந்து பாட்டி வெளியே வந்துவிட்டார்கள். "உன் தாத்தா வந்த மாதிரி இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, விளக்கு அணையும் வரை முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம்: எரிந்து சாம்பல் கூடாகிவிட்ட மேண்டிலோடு விளக்கைத் தூக்கிக்கொண்டு நடக்கலாமா? சப்பரத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

மறுமொழி: வாடகை விளக்குக்காரர்

நடக்கலாம். ஓடாமல், குதிக்காமல், விளக்கைத் தோளோடு ஒட்டாமல் பிடித்து நடங்கள். சட்டைப்பையில் இரண்டு மேண்டில் கூடுதலாக இருக்கட்டும். ஆறியபின் மட்டும் மாற்றுங்கள்.