புதுப்பிப்பு: ஜூன் விடுமுறைப் பேய்க்கதைக்கு இடம் கிடைத்துவிட்டது

முன்பு இங்கே கேட்டிருந்தேன்: மழைக்கால்வாயில் அடித்துச் செல்லப்பட்ட சிறுவன், சில ஆண்டுகள் கழித்து ஒரு விடுமுறையில் அதே வயதோடு திரும்பி வருகிறான். கூட்டாளிகள் இருவருக்கும் மீசை அரும்பிவிட்டது. ஆண்டு முழுக்க ஒரே வெயில் காயும் சிங்கப்பூரில் இந்தக் கதையை எங்கே, எப்போது நடத்துவது?

பலர் சீனர்களின் ஏழாம் மாதத்தைச் சொன்னீர்கள், ஆவிகள் உலவுவதாக நம்பி அவற்றுக்குக் காகிதப் பணம் எரிக்கும் மாதம். மனம் ஒப்பவில்லை. அது பெரும்பாலும் ஆகஸ்ட்டை ஒட்டி வரும், பள்ளி நடந்துகொண்டிருக்கும். பிள்ளைகள் பகலெல்லாம் சும்மா திரிய ஜூன் விடுமுறைதான் தோது. தவிர, காகிதப் பணம் எரிந்தாலே வாசகர் உஷாராகிவிடுவார்.

பிடாடரியைச் சொன்ன அண்ணனுக்கு ஒரு தேநீர் கடன்பட்டிருக்கிறேன். 1972 வரை இயங்கிய இடுகாடு அது. 2001 முதல் 2006 வரை கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள். வடக்கு கிழக்கு ரயில்பாதை 2003இல் ஓடத் தொடங்கியும், அங்கே கட்டி முடித்த உட்லீ நிலையத்தை 2011 வரை திறக்கவில்லை. போதாதா? கதையை 2004க்கு நகர்த்திவிட்டேன். நிற்காமல் கடக்கும் ரயிலின் கண்ணாடியில் கூட்டாளிகள் இருவரும் மூக்கை அழுத்திப் பார்க்கிறார்கள். நடைமேடைக் கதவுக்கு அப்பால் அவன், பள்ளிச் சீருடையில், ஒற்றைக் காலணியோடு.

இருவரில் ஒருவன் தன்னோடு வளராமல் நின்றுவிட வேண்டும் என்கிறான் திரும்பி வந்தவன். பாட்டி மந்திரித்துக் கட்டிய கயிறு காப்பாற்ற வேண்டும் என்று எழுதிய அக்கா மன்னிக்கவும், கயிறு அறுந்துவிடும்.